ஐ-லீக் இரண்டாம் பிரிவு

ஐ-லீக் இரண்டாம் பிரிவு என்பது இந்தியாவில் 2008 ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டு வந்த கீழ்நிலைத் தொழில்முறைக் கால்பந்தாட்டக் கூட்டிணைவு ஆகும். அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதனை நடத்தியது. 2022-23 பருவத்தில் இருந்து இது ஐ-லீக் 2 என்ற பெயரில், நாட்டின் மூன்றாம் நிலைப் போட்டியாக அமைந்தது.

இதில் முன்னிலை பெறும் அணிகள் மேல்நிலைப் பிரிவுக்கு ஏற்றம் பெறும் என்பதே இக்கூட்டிணைவின் அடிப்படை நோக்கமாகும். எனினும் ஆடுகளத்தில் பெற்ற ஏற்றம் பல அணிகளுக்கு நிலைக்கவில்லை. இந்த ஏற்றத்தைப் பெறாமல் வேறு வழியாக மேல்நிலைக்குச் சென்ற அணிகளும் பல உள்ளன. தமிழ்நாட்டில், குறிப்பாக வடசென்னை முதல் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வரை பரந்துள்ள தொழிற்பகுதியில், கால்பந்தாட்டம் நெடுங்காலமாக நிறுவன வேலைவாய்ப்பைச் சார்ந்தே வளர்ந்தது. இதனால் இப்பகுதியின் ஆட்டக்காரர்களுக்கும் தேசியக் கூட்டிணைவுக்கும் இடையிலான தொடர்பு தனித்த ஆய்வுக்கு உரியதாகிறது.

முன்வரலாறு

இந்தியக் கால்பந்தாட்டம் நீண்ட காலம் நகரக் கூட்டிணைவுகளையும் கிண்ணப் போட்டிகளையும் கொண்டே இயங்கியது. கொல்கத்தா, கோவா, மும்பை, சென்னை ஆகிய இடங்களில் தனித்தனிக் கூட்டிணைவுகள் இருந்தன. சென்னையில் 1934 ஆம் ஆண்டு சென்னைக் கால்பந்துச் சங்கம் தோன்றியது. அதன் முதுநிலைப் பிரிவில் ஐ.சி.எஃப்., தென்னக இரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, ரிசர்வ் வங்கி, கணக்காயர் அலுவலகம் போன்ற நிறுவன அணிகள் முதன்மை இடம் வகித்தன.

நாடு தழுவிய முதல் கூட்டிணைவான தேசியக் கால்பந்துக் கூட்டிணைவு 1996 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பஞ்சாபின் பக்வாரா நகரைச் சேர்ந்த ஜே.சி.டி. ஆலையின் அணி 1996-97 பருவத்தில் முதல் வாகையர் ஆனது. 1990களின் இறுதியில் இதற்கு ஓர் இரண்டாம் பிரிவும் ஏற்படுத்தப்பட்டது. சென்னையின் இந்தியன் வங்கி அணி 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் இக்கூட்டிணைவின் முதல் பிரிவில் ஆடியது. ஒரு வங்கியின் ஊழியர்களால் ஆன அணி, நாட்டின் உயர்நிலைப் போட்டியில் பங்கேற்க அன்றைய விதிகள் இடமளித்தன என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

ஐ-லீக்கின் தோற்றம்

2007 ஆம் ஆண்டு தேசியக் கூட்டிணைவு நிறுத்தப்பட்டு, அதற்கு மாற்றாக ஐ-லீக் தொடங்கப்பட்டது. 2007-08 முதல் பருவத்தில் 10 அணிகள் ஆடின. கோவாவின் டெம்போ கழகம் வாகை சூடியது. 2008 ஆம் ஆண்டு இதன் இரண்டாம் பிரிவு நடைபெற்றது.

தொடக்க ஆண்டுகளில் இரண்டாம் பிரிவு முழுப் பருவக் கூட்டிணைவாக இருக்கவில்லை. அணிகள் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குறிப்பிட்ட சில நகரங்களில் கூடி ஆடின. அவற்றுள் முன்னிலை பெற்றவை இறுதிச் சுற்றில் மோதின. சில வாரங்களில் முடிந்துவிடும் இம்முறை செலவைக் குறைத்தது. ஆனால் ஆண்டு முழுவதும் ஊதியம் தரத்தக்க போட்டியாக அது அமையவில்லை. கீழ்நிலைக் கூட்டிணைவில் ஆடும் ஒருவர் எஞ்சிய மாதங்களில் எதனைக் கொண்டு வாழ்வது என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

ஏற்றம் பெற்ற அணிகள்

இரண்டாம் பிரிவில் இருந்து மேல்நிலைக்குச் சென்ற அணிகள் ஆண்டு வாரியாகப் பின்வருமாறு:

2008 - மும்பை கழகம், சிராக் யுனைட்டெட், முகமதன் ஸ்போர்ட்டிங், வாஸ்கோ
2009 - சல்கோகர், விவா கேரளா, புனே கழகம், ஷில்லாங் லஜோங்
2010 - ஓ.என்.ஜி.சி., எச்.ஏ.எல்.
2011 - ஷில்லாங் லஜோங், ஸ்போர்ட்டிங் கோவா
2012 - யுனைட்டெட் சிக்கிம், ஓ.என்.ஜி.சி.
2013 - ரங்தாஜித் யுனைட்டெட், முகமதன் ஸ்போர்ட்டிங்
2014 - ராயல் வாஹிங்டோ
2015 - ஐசால் கழகம்
2016 - டெம்போ (வாகை சூடியும் மேல்நிலையில் ஆடாமல் விலகியது)
2017 - நெரோக்கா
2018 - ரியல் காஷ்மீர்
2019 - டிராவ்
2020 - முகமதன் ஸ்போர்ட்டிங் (தகுதிப் போட்டி வழியாக)
2021 - ராஜஸ்தான் யுனைட்டெட் (தகுதிப் போட்டி வழியாக)
2023 - தில்லி கழகம், ஷில்லாங் லஜோங்
2024 - ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு, டெம்போ
2025 - டயமண்ட் ஹார்பர், சன்மாரி

2019-20 பருவத்தின் இரண்டாம் பிரிவு கோவிட்-19 பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக 2020 அக்டோபரில் மேற்கு வங்காளத்தில் 5 அணிகள் பங்கேற்ற தகுதிப் போட்டி நடத்தப்பட்டது.

இப்பட்டியலில் இரு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, வடகிழக்கு மாநிலங்களின் இடம். மேகாலயா, மிசோரம், மணிப்பூர், சிக்கிம் ஆகிய சிறிய மாநிலங்களின் அணிகள் இந்த ஏணியை மிகுதியாகப் பயன்படுத்தியுள்ளன. இரண்டாவது, 2008 முதல் 2025 வரை தமிழ்நாட்டின் அணி எதுவும் இவ்வழியே ஏற்றம் பெறவில்லை.

ஏற்றம் தந்த வெற்றிகள்

ஏணி முறையின் சிறந்த சான்றாக ஐசால் கழகம் விளங்குகிறது. 2015 இல் இரண்டாம் பிரிவை வென்று மேலேறிய அவ்வணி, 2015-16 பருவத்தின் முடிவில் இறக்கத்திற்கு உள்ளானது. கோவாவின் கழகங்கள் போட்டியில் இருந்து விலகியதால் ஐசாலுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. அதனைப் பயன்படுத்திக் கொண்டு 2016-17 பருவத்தில் ஐ-லீக் வாகையர் ஆனது. அடுத்த பருவத்தில், புதிதாக மேலேறிய மணிப்பூரின் நெரோக்கா இரண்டாம் இடம் பெற்றது. 2018 இல் மேலேறிய ரியல் காஷ்மீர் தன் முதல் பருவத்திலேயே மூன்றாம் இடத்தை அடைந்தது.

இம்மூன்று அணிகளும் பெருநகரங்களுக்கு வெளியே இருந்து வந்தவை. கீழ்நிலைக் கூட்டிணைவில் திறமை இல்லை என்ற கருத்தை இவை பொய்யாக்கின.

நிலைக்காத ஏற்றங்கள்

மறுபுறம், ஏற்றம் பெற்ற பல கழகங்கள் விரைவில் மறைந்தன. யுனைட்டெட் சிக்கிம் 2012 இல் மேலேறி, அடுத்த பருவத்திலேயே கீழிறங்கியது. ஷில்லாங் நகரின் ராயல் வாஹிங்டோ 2014-15 பருவத்தில் மோகன் பகான், பெங்களூரு ஆகிய அணிகளுக்கு அடுத்து மூன்றாம் இடம் பெற்றது. ஆயினும் அடுத்த பருவத்திற்கு முன்பே போட்டியில் இருந்து விலகியது. புனே கழகம் 2014-15 பருவத்தோடு தன் முதன்மை அணியைக் கலைத்தது. 2016 இல் வாகை சூடிய டெம்போ, சல்கோகரும் ஸ்போர்ட்டிங் கோவாவும் விலகிய அதே காலத்தில் தானும் விலகிக் கொண்டது. கூட்டமைப்பு அப்போது முன்வைத்த மறுசீரமைப்புத் திட்டத்தில் தங்கள் போட்டி தாழ்த்தப்படும் என்பதே கோவாக் கழகங்களின் எதிர்ப்புக்குக் காரணமாகும்.

மேல்நிலைக்குச் செல்லும் அணிக்குப் பயணம், தங்குமிடம், வெளிநாட்டு ஆட்டக்காரர், இளையோர் அணிகள் எனச் செலவுகள் பெருகுகின்றன. அதற்கு ஈடான ஒளிபரப்பு வருவாயோ பரிசுத் தொகையோ ஐ-லீக்கில் இருக்கவில்லை. எனவே, வெற்றி பெற்ற கழகமே கூடுதல் கடன் சுமைக்கு ஆளாகும் நிலை தோன்றியது.

நேரடி நுழைவு

ஆட்டத்தின் மூலம் ஏறுவதோடு, விண்ணப்பத்தின் மூலம் நுழையும் வழியும் இருந்தது. புதிய நகரங்களில் முதலீடு செய்ய முன்வரும் நிறுவனங்களுக்குக் கூட்டமைப்பு நேரடியாக இடமளித்தது. 2013 இல் பெங்களூரு கழகம் இவ்வாறு நுழைந்து, 2013-14 ஆம் ஆண்டின் முதல் பருவத்திலேயே வாகை சூடியது. சென்னை சிட்டி, மினெர்வா பஞ்சாப் ஆகியன 2016-17 பருவத்திலும், கோகுலம் கேரளா 2017-18 பருவத்திலும் சேர்ந்தன. பிற்காலத்தில் சுதேவா, ஸ்ரீநிதி டெக்கான், இன்டர் காசி, நாம்தாரி ஆகியனவும் இவ்வழியே வந்தன.

நேரடி நுழைவு புதிய முதலீட்டைக் கொண்டு வந்தது என்பது உண்மை. ஆனால் இரண்டாம் பிரிவில் ஆடும் அணிகளைப் பொறுத்தவரை, ஓராண்டு உழைப்பால் பெற வேண்டிய இடத்தை மற்றொருவர் விண்ணப்பத்தால் பெறுவது ஏணியின் மதிப்பைக் குறைத்தது.

உரிம விதிகளும் நிறுவன அணிகளும்

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் உறுப்பு நாடுகளின் உயர்நிலைக் கழகங்களுக்கு உரிம முறையை வகுத்துள்ளது. விளையாட்டு, கட்டமைப்பு, பணியாளரும் நிருவாகமும், சட்டம், நிதி என்னும் ஐந்து வகை விதிகளைக் கழகங்கள் நிறைவு செய்ய வேண்டும். கழகம் தனிச் சட்ட அமைப்பாக இருத்தல், இளையோர் அணிகளை நடத்துதல், கணக்குகளைத் தணிக்கைக்கு உட்படுத்துதல் ஆகியன இவற்றுள் அடங்கும்.

ஒரு வங்கியின் அல்லது அரசுத் துறையின் அணி இவற்றை எளிதில் நிறைவு செய்ய இயலாது. அதன் ஆட்டக்காரர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் ஆவர். அணிக்கெனத் தனிக் கணக்கோ, அரங்கமோ, இரசிகர் கூட்டமோ பெரும்பாலும் இருப்பதில்லை. 2013 இல் ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. ஆகிய அணிகள் உரிம விதிகளை நிறைவு செய்யாததால் ஐ-லீக்கில் இருந்து நீக்கப்பட்டன. இவற்றுள் ஓ.என்.ஜி.சி. இரண்டாம் பிரிவில் இருந்து இருமுறை ஆடி மேலேறிய அணி என்பது குறிப்பிடத்தக்கது.

தனியார் நிறுவன அணிகளும் பாதுகாப்பாக இருக்கவில்லை. மகிந்திரா யுனைட்டெட் 2010 இல் கலைக்கப்பட்டது. முதல் தேசிய வாகையரான ஜே.சி.டி. 2010-11 பருவத்தில் கீழிறங்கியதும், இரண்டாம் பிரிவில் ஆடாமலேயே 2011 இல் கலைக்கப்பட்டது. நிறுவனத்தின் முடிவு ஒன்றே அணியின் ஆயுளைத் தீர்மானித்தது.

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் இருந்து இந்திய அளவில் பெரும் வெற்றி பெற்ற கூட்டிணைவு அணி சென்னை சிட்டி கழகம் ஆகும். 2018-19 பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியில் ஆடிய அவ்வணி, 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினெர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று சென்னை சிட்டி வாகை சூடியது. எசுப்பானிய ஆட்டக்காரர் பெத்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார்.

இவ்வெற்றிக்குப் பின் அணிக்கு மேலே செல்ல இடம் இருக்கவில்லை. 2014 இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் மூடிய அமைப்பாக இருந்தது. ஐ-லீக் வாகையருக்கு அதில் இடமில்லை. 2019 இல் சூப்பர் லீக்கே நாட்டின் முதல்நிலைக் கூட்டிணைவு என அறிவிக்கப்பட்டது. 2020 இல் மோகன் பகான் இணைப்பின் மூலமும், ஈஸ்ட் பெங்கால் முதலீட்டாளர் வழியாகவும் சூப்பர் லீக்கில் சேர்ந்தன. வாகை சூடி இரு ஆண்டுகள் கழிந்த பின், 2021-22 பருவ ஐ-லீக்கில் சென்னை சிட்டி இடம்பெறவில்லை.

சென்னையின் ஏனைய கழகங்கள் பெரும்பாலும் நகரக் கூட்டிணைவிலேயே ஆடின. தமிழ்நாட்டின் சூப்பர் லீக் அணியான சென்னையின் எஃப்.சி. 2015, 2017-18 ஆகிய பருவங்களில் அக்கூட்டிணைவை வென்றுள்ளது. 2017-18 முதல் சூப்பர் லீக் கழகங்களின் இரண்டாம் அணிகளும் ஐ-லீக் இரண்டாம் பிரிவில் ஆடத் தொடங்கின. இவ்வணிகள் இளம் ஆட்டக்காரர்களுக்கு ஆட்ட வாய்ப்பு அளித்தன. ஆனால் விதிகளின்படி அவை ஏற்றம் பெற முடியாது.

திருவள்ளூர் - கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதி

திருவள்ளூர் மாவட்டம் 1997 ஆம் ஆண்டு செங்கல்பட்டு - எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்டது. ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலை, 1964 இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை (இன்று சென்னை மாநகராட்சியில் உள்ளது), எண்ணூர் துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம், தேர்வாய் கண்டிகை சிப்காட் பூங்கா என இப்பகுதி இந்தியாவின் முக்கிய உற்பத்திப் பகுதிகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கும்மிடிப்பூண்டி, புறநகர் மின்தொடர் வண்டியால் வடசென்னையுடன் இணைக்கப்பட்டுள்ளது.

அவ்வண்டிப் பாதையின் தென்முனைக்கு அருகில் உள்ள வியாசர்பாடி, கால்பந்தாட்டத்திற்குப் பெயர் பெற்றது. இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் இப்பகுதியைச் சேர்ந்தவர். அவரது தொழில்முறை வாழ்க்கை புனே கழகத்தில் தொடங்கியது. அக்கழகம் 2009 இல் இரண்டாம் பிரிவில் இருந்து மேலேறிய அணியாகும். வடசென்னையின் ஆட்டக்காரர் ஏணியில் கால் வைக்க வேறு மாநிலத்தின் கழகத்தை நாட வேண்டியிருந்ததை இது காட்டுகிறது.

இப்பகுதியின் குடும்பங்களுக்கு நெடுங்காலமாகக் கால்பந்தாட்டத்தின் உண்மையான ஏணி கூட்டிணைவு அன்று. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையே ஆகும். பெரம்பூர் ஐ.சி.எஃப்., இரயில்வே, வங்கி, காவல்துறை ஆகியவற்றில் கிடைக்கும் நிலையான பணி, சில வாரங்கள் மட்டும் நடக்கும் தேசிய இரண்டாம் பிரிவை விட உறுதியான வாழ்வைத் தந்தது. எனவே திறமையுள்ள பலர் நிறுவன அணிகளைத் தேர்ந்தெடுத்தது பொருளாதார நோக்கில் சரியான முடிவே எனலாம். ஆனால் அந்நிறுவன அணிகள் உரிம விதிகளால் தேசிய ஏணிக்கு வெளியே நின்றன.

புதிய தொழிற்பகுதிகள் பழைய நிறுவன அணிகளுக்கு மாற்றாக அமையவில்லை. ஐ.சி.எஃப். போன்ற பொதுத்துறை ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளர், குடியிருப்பு, மைதானம், விளையாட்டு மன்றம் ஆகியன ஒன்றாக இருந்தன. கும்மிடிப்பூண்டியின் எஃகு ஆலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் ஒப்பந்தத் தொழிலாளரையும், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களில் இருந்து வருவோரையும் பெருமளவு சார்ந்துள்ளன. ஓராண்டில் இடம் மாறக்கூடிய தொழிலாளரைக் கொண்டு நிலையான அணியைக் கட்டுவது கடினம். ஆகவே ஆலைகளின் எண்ணிக்கை கூடினாலும், ஆலை சார்ந்த கால்பந்தாட்டம் அதே அளவில் கூடவில்லை.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

நிறுவன அணிகள் கூட்டிணைவுக் கழகங்களாக மாற முடியும் என்பதற்கு சப்பான் சான்றாகும். அங்கு 1965 இல் தொடங்கிய சப்பான் கால்பந்துக் கூட்டிணைவில் மிட்சுபிசி, நிசான், ஃபுருகாவா, மஸ்தா போன்ற நிறுவனங்களின் ஊழியர் அணிகளே ஆடின. 1993 இல் ஜே-லீக் 10 கழகங்களுடன் தொடங்கியபோது, இவ்வணிகள் நிறுவனப் பெயரை விடுத்து நகரின் பெயரை ஏற்றன. நிறுவனங்கள் முதலீட்டாளர்களாகத் தொடர்ந்தன. நகராட்சிகள் அரங்கங்களை அளித்தன. 1999 இல் இரண்டாம் பிரிவும், 2014 இல் மூன்றாம் பிரிவும் சேர்க்கப்பட்டன.

இவற்றுள் கசிமா அன்ட்லர்ஸ் கும்மிடிப்பூண்டியோடு ஒப்பிடத்தக்கது. கசிமா ஒரு சிறிய துறைமுகத் தொழில் நகரம். அதன் கழகம் சுமித்தோமோ உலோக நிறுவனத்தின் ஊழியர் அணியில் இருந்து தோன்றியது. பழைய கூட்டிணைவின் இறுதிப் பருவத்தில் அவ்வணி இரண்டாம் பிரிவில் ஆடிக் கொண்டிருந்தது. 1991 இல் பிரேசில் ஆட்டக்காரர் சீக்கோ அதில் சேர்ந்தார். பின்னர் இக்கழகம் ஜே-லீக்கை மிகுதியான முறை வென்ற கழகமாக உயர்ந்தது.

இந்தியாவில் இதற்கு ஓரளவு நெருங்கிய சான்று சம்சேத்பூர் ஆகும். அங்கு 1987 இல் டாட்டா கால்பந்துப் பயிற்சியகம் தொடங்கப்பட்டது. 2017 இல் சம்சேத்பூர் கழகம் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. எனினும் அதுவும் இரண்டாம் பிரிவில் இருந்து ஏறிய அணி அன்று.

2019 க்குப் பிந்தைய மாற்றங்கள்

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலுடன் ஒரு செயல்திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி 2022-23 பருவம் முதல் ஐ-லீக் வாகையர் நுழைவுக் கட்டணமின்றி சூப்பர் லீக்கிற்கு ஏற்றம் பெறலாம். பஞ்சாப் கழகம் 2023 இலும், முகமதன் ஸ்போர்ட்டிங் 2024 இலும் இவ்வாறு மேலேறின. 2023-24 பருவத்தில் ஐ-லீக் 3 என்னும் நான்காம் நிலையும் தொடங்கப்பட்டது. மேற்கு வங்காளத்தின் டயமண்ட் ஹார்பர் 2024-25 பருவத்தில் ஐ-லீக் 3 வழியாக வந்து, ஐ-லீக் 2 வாகையையும் வென்றது. வரைபடத்தில் ஏணி முழுமை பெற்றது.

ஆயினும் 2024-25 பருவம் வரை சூப்பர் லீக்கில் இருந்து எந்த அணியும் கீழிறக்கப்படவில்லை. அப்பருவத்தின் ஐ-லீக் வாகையர் யார் என்பதும் ஆடுகளத்தில் முடிவாகவில்லை. விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2025 சூலை 18 அன்று அளித்த தீர்ப்பின் வழியே இன்டர் காசி வாகையர் ஆனது. அதே மாதம், வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2010 இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 2025 திசம்பரில் முடிவடைந்தது. மேல்நிலைக் கூட்டிணைவின் தொடக்கம் தள்ளிப் போனால், ஏற்றம் என்ற பரிசும் பொருளிழக்கிறது.

மதிப்பீடு

இரண்டாம் பிரிவின் வரலாறு, இந்தியாவில் கீழ்நிலைக் கால்பந்தாட்டத்திற்கு ஆட்டக்காரர்களோ ஆர்வமோ குறைவு என்பதைக் காட்டவில்லை. ஐசாலும் நெரோக்காவும் ரியல் காஷ்மீரும் அதற்கு எதிரான சான்றுகள். குறையாக இருந்தவை மூன்று: ஆண்டு முழுவதும் நீளும் பருவம், மேலேறிய அணியைத் தாங்கும் வருவாய், ஆட்ட முடிவை மதிக்கும் நிலையான விதி.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதிக்கு இதில் நான்காவது தேவையும் உண்டு. சப்பானில் நிகழ்ந்தது போல, நிறுவன அணி ஊரின் கழகமாக மாறுவதற்கான இடைநிலை வழி இந்திய விதிகளில் வகுக்கப்படவில்லை. நீக்கம் மட்டுமே வகுக்கப்பட்டது. நிறுவனம் பங்கு வைத்து, உள்ளாட்சி மைதானம் அளித்து, மாநிலச் சங்கம் முன்மொழியும் கழகங்களுக்குச் சில ஆண்டு கால உரிமத் தளர்வு அளிப்பது அத்தகைய வழிகளுள் ஒன்றாக அமையலாம். அது அமையாதவரை, இப்பகுதியின் இளம் ஆட்டக்காரர் ஒருவர் வேலை தரும் அணிக்கும் ஏற்றம் தரும் கழகத்திற்கும் இடையே ஒன்றைக் கைவிட வேண்டிய நிலையே தொடரும்.